சிரம்பான் பஸ்ஸுக்குக் காத்திருந்த அக்கா

ஜொகூர் பாருவில் சொந்தக்காரப் பையன் கல்யாணம். விருந்து முடிந்து இரவு பஸ்ஸில் ஏறினேன். தலைநகரில், பண்டார் தாசேக் செலாத்தான் பஸ் நிலையத்தில் இறங்கியபோது மணி விடியற்காலை மூன்றரை. முதல் எல்.ஆர்.டி. வர ஆறு மணி ஆகும். கிரேப் கூப்பிட்டிருக்கலாம். அந்த நேரத்தில் முன்பின் தெரியாதவர் காரில் தனியாக ஏற மனம் வரவில்லை. மேலே காத்திருப்புக் கூடத்துக்குப் போய் உட்கார்ந்தேன்.

2011இல் இந்த நிலையம் திறப்பதற்கு முன் தெற்கே போகும் பஸ்ஸெல்லாம் புடுராயாவிலிருந்துதான் புறப்படும். அந்தப் புகையும் புழுக்கமும் டிக்கெட் விற்பவர்கள் கையைப் பிடித்து இழுப்பதும் என் வயதுக்காரர்களுக்கு மறக்காது. இங்கே விமான நிலையம் மாதிரி இருக்கிறது. குளிர்சாதனம், பளபளக்கும் தரை, ஊர்ப் பெயர்கள் ஓடும் பலகை. பையை மடியில் அணைத்துக்கொண்டு அரைத் தூக்கத்தில் முப்பது நாற்பது பேர். எல்லாரும் பயணிகள் என்றுதான் நினைத்தேன்.

எனக்கு இரண்டு இருக்கை தள்ளி ஓர் அக்கா. அறுபதைத் தாண்டியிருப்பார். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, சாயம் போயிருந்தாலும் கசங்காத பஞ்சாபி உடை. காலடியில் ஜிப் வைத்த நீலப் பை, அதன்மேல் நான்காக மடித்த சால்வை.

"எங்க போறீங்க அக்கா?"

"சிரம்பான். காலைல மொத பஸ்."

பிஸ்கட் நீட்டினேன். ஒன்று மட்டும் எடுத்துக்கொண்டார். ஐந்து மணிவாக்கில், "பையைக் கொஞ்சம் பாத்துக்கிறீங்களாம்மா?" என்று கேட்டுக் கழிப்பறைக்குப் போனார். திரும்பி வந்தபோது முகம் கழுவி, பவுடர் போட்டு, பொட்டும் வைத்திருந்தார். யாரோ வழியில் போனவர் இடிக்காமல் இருக்கப் பையை நகர்த்தினேன். ஒரு நாள் சிரம்பான் போய்வருகிறவர் தூக்கும் கனம் இல்லை அது.

சிரம்பான் பஸ்ஸுக்கு அறிவிப்பு வந்தது. அக்கா அசையவில்லை. "உங்க பஸ் அக்கா" என்றேன். "கூட்டமா இருக்கும், அடுத்ததுல போறேன்." அடுத்ததும் போனது. நான் பலகையைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். பிறகு அவரே சிரித்துவிட்டார்.

"டிக்கெட்டு இருக்கிறவங்க மாதிரி உக்காந்திருக்கணும்மா. படுத்தாதான் வந்து கேப்பாங்க."

எட்டு மாதமாக வாரத்தில் நான்கைந்து இரவு அங்கேதான் என்றார். மற்ற இரவுகளில் எங்கே என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

நம் நாட்டில் 1977ஆம் ஆண்டின் ஆதரவற்றோர் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. பொது இடத்தில் சும்மா இருக்கும் ஒருவர் பிச்சை எடுக்கிறாரோ இல்லையோ, அவருக்குப் பிழைக்க வழியோ தங்க இடமோ இருப்பதாகத் தெரியவில்லை என்றாலும், தன்னைப் பற்றித் திருப்தியான பதில் சொல்ல முடியவில்லை என்றாலும், சமூகநல அதிகாரிகள் அவரை அழைத்துப் போகலாம். மாஜிஸ்திரேட் முன் நிறுத்தி, விசாரித்து, மூன்று ஆண்டு வரை நல இல்லத்தில் வைக்க உத்தரவு வாங்கலாம். அந்த இல்லங்கள் மெர்சிங்கிலும் ஜெராண்டுட்டிலும் இருக்கின்றன. காப்பாற்றத்தான் சட்டம் என்பார்கள். ஆனால் கோலாலம்பூரில் வேலை பார்க்கும் ஒருவரை மெர்சிங்கில் கொண்டுபோய் வைப்பதற்குப் பெயர் என்னவென்று எனக்குத் தெரியவில்லை. அக்கா இந்தச் சட்டத்தைப் படித்திருக்க மாட்டார். ஆனாலும் அது கேட்கிற திருப்தியான பதிலைத் தயாராக வைத்திருந்தார்: சிரம்பான், காலை முதல் பஸ்.

ஆம், அக்காவுக்கு வேலை இருக்கிறது. மஸ்ஜிட் இந்தியா பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவுகிறார். அன்று காலை இருவரும் ஒரே எல்.ஆர்.டி.யில்தான் ஏறினோம். நான் செந்தூல் வரை, அவர் மஸ்ஜிட் ஜாமேக் வரை. சாலாக் செலாத்தான், சான் சோ லின், புடு என்று நிலையங்கள் கடக்கக் கடக்கத் தன் கதையைத் துண்டு துண்டாகச் சொன்னார். பெட்டியில் வேறு தமிழர் ஏறினால் பேச்சை நிறுத்திவிடுவார்.

பிறந்தது நெகிரி செம்பிலானில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில். அங்கே வீடு வேலையோடு ஒட்டியது. அப்பா ஓய்வு பெற்றதும் லயத்து வீட்டைக் காலி செய்தார்கள். கல்யாணமாகி வந்தது செந்தூல் பக்கம் ஒரு புறம்போக்குப் பலகை வீட்டுக்கு. அதையும் உடைத்தார்கள். பதிலுக்கு அடுக்குமாடியில் வாடகை வீடு கிடைத்தது, கணவர் பெயரில். கணவர் இறந்தபின் அது மகன் பெயருக்கு மாறியது. மூன்று அறை. பேரப்பிள்ளைகள் வளர்ந்தார்கள்.

"சண்டையெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. எடம் இல்ல, அவ்ளோதான்."

தங்கி வேலை செய்யும் ஓர் உணவகத்தில் சேர்ந்தார். மேல்மாடியில் நான்கு பெண்களோடு படுக்கை. உணவகம் மூடப்பட்டபோது படுக்கையும் போயிற்று. வேறு வேலை ஒரே வாரத்தில் கிடைத்துவிட்டது. இடம்தான் கிடைக்கவில்லை. அறை வாடகை நானூறு ஐந்நூறு வெள்ளி, முன்பணம் இரண்டு மாதத்துக்கு. தினக்கூலிக்காரர் கையில் ஒரேயடியாக ஆயிரத்து ஐந்நூறு எப்படிச் சேரும்? சில வீட்டுக்காரர்கள் 'வயசானவங்க, உடம்புக்கு ஏதாவது வந்தா யார் பாக்கிறது' என்று கதவிலேயே அனுப்பிவிட்டார்களாம்.

மகனுக்குத் தெரியுமா என்று கேட்டேன். இன்னும் அந்த உணவகத்தில்தான் தங்கியிருப்பதாக மகன் நினைத்துக்கொண்டிருக்கிறான் என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் பேரப்பிள்ளைகளுக்குப் பழம் வாங்கிக்கொண்டு போவாராம். துணி துவைத்துக் காயப்போட்டு, சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் "வேலைக்கு நேரமாச்சு" என்று கிளம்பிவிடுவாராம்.

மஸ்ஜிட் ஜாமேக்கில் அவர் இறங்கி நடந்தபோது அந்த நீலப் பை என் அம்மாவின் பெட்டியை நினைவுபடுத்தியது. கதவு மூடிய பிறகுதான் எனக்கு மூச்சு முட்டியது.

இதை நான் எங்கும் எழுதியதில்லை. அப்பா உயில் எழுதாமல் இறந்தார். கிள்ளானில் ஒரு தரைவீடு. கடன் கட்டியது அப்பாவின் சம்பளம் என்றாலும், அம்மா இருபது வருடம் தோசை மாவு அரைத்து விற்ற காசும் அதில் இருந்தது. பத்திரத்தில் அப்பா பெயர் மட்டும்தான். முஸ்லிம் அல்லாதவர்களுக்கான 1958ஆம் ஆண்டின் சொத்துப் பங்கீட்டுச் சட்டப்படி, உயில் இல்லாமல் இறந்தவரின் பெற்றோரும் உயிரோடு இல்லை என்றால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு பங்கு. ஆக, அம்மா வாழ்ந்த வீட்டில் பெரும்பங்கு, கல்யாணமாகித் தனித்தனியே போய்விட்ட எங்கள் மூவருக்கு. "தனியா எதுக்கும்மா இவ்ளோ பெரிய வீடு? வித்துட்டு எங்களோட வந்து இரு" என்றோம். பாசத்தோடுதான் சொன்னோம். அம்மா கையெழுத்துப் போட்டார். அதன்பின் எட்டு வருடம் அண்ணன் வீட்டில் ஒரு மாதம், என் வீட்டில் ஒரு மாதம், தம்பி வீட்டில் ஒரு மாதம். என் வீட்டில் அவருக்கென்று ஓர் அலமாரியே காலி செய்து கொடுத்திருந்தேன். அவர் ஒருநாளும் அதில் துணி வைக்கவில்லை. எல்லாம் கட்டிலுக்கடியில் பெட்டியிலேயே இருந்தது. வயதானவர்களின் பிடிவாதம் என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மா தெருவில் நிற்கவில்லை. மூன்று வேளையும் சாப்பிட்டார். யார் கணக்கெடுத்தாலும் வீடற்றவர் பட்டியலில் அவர் வரமாட்டார். அந்த அக்காவும் வரமாட்டார், கையில் பையும் வாயில் சிரம்பானும் இருக்கும்வரை. வீடில்லாதவர்கள் என்றால் ஐந்தடிப் பாதையில் அட்டை விரித்துப் படுத்திருக்கும் ஆண்கள்தான் நம் நினைவுக்கு வருகிறார்கள். பெண்கள் அப்படிப் படுக்க மாட்டார்கள், படுக்கவும் முடியாது. அவர்கள் கூடுமானவரை ஏதோ ஒரு கூரைக்குக் கீழே இருக்கப் பார்க்கிறார்கள். கூரை எப்போதும் வேறு யாருடையதோ.

அடுத்த ஒன்றரை மாதத்தில் அதே ரயில் பாதையில் மூன்று முறை போனேன், வேலை எதுவும் இல்லாமல், பார்ப்பதற்காகவே.

முதல்முறை மஸ்ஜிட் ஜாமேக்கில் இறங்கி லெபோ அம்பாங் பக்கம் நடந்தேன். செட்டியார்கள் கிட்டங்கி வைத்து வட்டித்தொழில் நடத்திய தெரு. ஊரிலிருந்து தனியாக வந்த ஆண்கள் அங்கேயே தொழில் செய்து, அங்கேயே படுத்து எழுந்தார்கள். ஆளுக்கொரு பெட்டி, கணக்கெழுத ஒரு மேசை. இந்த நகரம் தனி ஆணுக்கு அன்றே இடம் கொடுத்திருக்கிறது. தனிப் பெண்களில் இடம் தேடிக்கொண்டவர்கள் என்று பார்த்தால், கல்யாணம் வேண்டாம் என்று சீனாவிலிருந்து வந்து பணக்கார வீடுகளில் வேலை பார்த்த மாஜே எனப்படும் ஆயாக்கள்தான். பலர் சேர்ந்து ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, கொங்சி என்று வைத்துக்கொள்வார்கள். விடுமுறைக்கு அங்கே வரலாம், வேலை போனாலும் வரலாம், வயதானால் அங்கேயே இருக்கலாம். எசமானர் வீட்டுக் கூரை நிரந்தரமில்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நம் தோட்டத்துப் பெண்களுக்கு அந்த யோசனை வர வழியே இல்லை. குடும்பத்தோடு வந்தார்கள், குடும்பத்துக்கென்று கொடுத்த லயத்தில் இருந்தார்கள்.

நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் ஜாலான் ஹங் லெக்கியூவில் அஞ்சோங் சிங்கா இருக்கிறது. வீடற்றவர்களுக்காக மகளிர், குடும்ப, சமூக மேம்பாட்டு அமைச்சு 2011இல் தொடங்கியது. படுக்கை, சாப்பாடு, வேலை தேட உதவி, எல்லாம் உண்டு. தங்கும் காலம் 14 நாள். வேலை இல்லாமல் நகரத்துக்கு வந்து திண்டாடும் ஓர் இளைஞருக்கு 14 நாள் போதுமாக இருக்கலாம். வேலை இருந்தும் வீடு இல்லாத அறுபது வயதுப் பெண்ணுக்கு?

அக்காவின் கடையில் தேநீர் குடிக்கும் சாக்கில் போய் இதைப் பற்றிச் சொன்னேன். கவனமாகக் கேட்டார். "பதினாலு நாளைக்கு அப்புறம்?" என்றார். பிறகு, "பஸ் ஸ்டேஷன்ல யாரும் நாள் எண்ண மாட்டாங்கம்மா."

இரண்டாம் முறை தித்திவங்சாவில் இறங்கினேன். அங்கே ஒரு காலத்தில் பெக்கெலிலிங் அடுக்குமாடி வீடுகள் இருந்தன. அறுபதுகளின் இறுதியில், ஏழைகளுக்காக 17 மாடி உயரத்தில் கட்டியவை. நகரமே அண்ணாந்து பார்த்ததாம். பிறகு பழையதாகி, இடித்துத் தள்ளினார்கள். என் தோழி ஒருத்தி அங்கே வளர்ந்தாள். மின்தூக்கி பழுதானால் பதினோரு மாடி ஏறுவதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள், ஆனால் 'என் வீடு' என்றுதான் சொல்வாள்.

அருகே ஜாலான் பகாங்கில் கோலாலம்பூர் மாநகர மன்றம் வீடற்றோருக்காக 2017இல் திறந்த இடைத்தங்கல் மையம். ஒரு சாயங்காலம் எதிரே நின்று பார்த்தேன். அரைமணி நேரத்தில் உள்ளே போனவர்களில் ஆண்கள் இருபதுக்கும் மேல், பெண்கள் இருவர். அதில் ஒருத்தி இளம்பெண், வாசல்வரை வந்து, அங்கே கூடியிருந்த ஆண்களைப் பார்த்துவிட்டு, திரும்பி நடந்துவிட்டாள். பெண்களுக்குத் தனிப்பகுதி இருந்தாலும் வாசல் பொதுதானே.

அடி உதைக்குப் பயந்து வீட்டை விட்டு ஓடிவரும் பெண்களின் கதை வேறு. டபிள்யூ.ஏ.ஓ. என்னும் பெண்கள் உதவி அமைப்பு 1982இலேயே அவர்களுக்கென்று அடைக்கல வீடு திறந்தது. இப்படிப்பட்ட வீடுகளின் முகவரியை வெளியே சொல்ல மாட்டார்கள், நானும் தேடவில்லை. ஆனால் ஒன்றை நம்மில் பலர் அறியாமல் இருக்கிறோம். ஓட வேண்டியவள் எப்போதும் மனைவிதான் என்று சட்டம் சொல்லவில்லை. 1994ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழ், வீடு கணவன் பெயரில் இருந்தாலும், பாதுகாப்பு ஆணையோடு அந்த வீட்டில் மனைவி மட்டும் இருக்கும் உரிமையை நீதிமன்றம் கொடுக்கலாம். அவசரம் என்றால் 15999 என்ற தாலியான் காசே எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம். இந்தப் பக்கத்தைக் கிழித்து வைத்துக்கொண்டாலும் தப்பில்லை.

மூன்றாம் முறை செந்தூல். ரயில்வே பட்டறையும் அதைச் சுற்றித் தமிழர் குடியிருப்பும் நூறு வருடமாக இருந்த இடம். ரயில்வே குவார்ட்டர்ஸும் தோட்டத்து லயம் மாதிரிதான். வேலை முடிந்தால் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அக்கா முன்பு வாழ்ந்த மாதிரியான பி.பி.ஆர். அடுக்குமாடி ஒன்றில் என் பழைய மாணவி இருக்கிறாள், அவள் வீட்டுக்குப் போனேன். மாத வாடகை 124 ரிங்கிட். இந்த நகரத்தில் அந்த விலைக்குக் கார் நிறுத்தும் இடம்கூடக் கிடைக்காது. 700 சதுர அடி, மூன்று படுக்கையறை, இரண்டு குளியலறை. அவள் வீட்டில் ஏழு பேர். கூடத்தில் மாமியாருக்கு ஒரு மடக்குக் கட்டில், பகலில் அது சோபாவுக்குப் பின்னால் போய்விடுகிறது.

அந்தக் கட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு ஒன்று தோன்றியது. மலிவு விலை வீடு என்று எண்பதுகளின் தொடக்கத்தில் 25,000 வெள்ளி என உச்சவரம்பு வைத்தார்கள். 1998இல் அதை இடத்துக்குத் தகுந்தபடி 42,000 வரை உயர்த்தினார்கள். பி.பி.ஆர். கட்டினார்கள். எல்லாம் நல்ல காரியம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் வரைபடம் போட்டவர் மனத்தில் அப்பா, அம்மா, பிள்ளைகள் என்று ஒரு குடும்பம்தான் இருந்திருக்கிறது. அப்பா போய், பிள்ளைகளுக்குப் பிள்ளைகள் பிறந்தபின் அந்த அம்மா எங்கே படுப்பார் என்று யாரும் கோடு போட்டுப் பார்க்கவில்லை. சிங்கப்பூரில் வீட்டு வாரியம் ஓரறை வாடகை வீடுகள் வைத்திருக்கிறது. முப்பத்தைந்து வயதைத் தாண்டிய தனி ஆட்கள் இருவர் சேர்ந்து எடுக்கலாம். அதிலும் சங்கடம் உண்டு, யாரென்றே தெரியாதவரோடு ஓர் அறையைப் பங்கு போட எல்லாராலும் முடியாது. இருந்தாலும் கதவும் சாவியும் இருக்கிறது. நம் நகரத்தில் ஒரு கட்டில், ஓர் அடுப்பு, ஒரு குளியலறை, மூத்த பெண்ணின் பெயரில் ஒரு சாவி என்று ஒவ்வோர் அடுக்குமாடியிலும் ஒரு தளத்தை ஒதுக்கினால் என்ன? மூன்று அறை கட்டத் தெரிந்தவர்களுக்கு ஓர் அறை கட்டத் தெரியாதா?

செந்தூலிலிருந்து வீடு திரும்பியதும் இரும்பு அலமாரியைத் திறந்து எங்கள் வீட்டுக் கிராண்டை எடுத்துப் பார்த்தேன். முப்பத்தோரு வருடமாக இந்த வீட்டில் இருக்கிறேன், ஆசிரியர் சம்பளத்தில் பாதியை இதற்குக் கொடுத்திருக்கிறேன். பெயர் ஒன்றுதான் இருந்தது. "என்ன தேடுற?" என்றார் என் வீட்டுக்காரர். காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். "அப்ப பேங்க்காரன் சொன்ன மாதிரி போட்டது" என்றார். கோபமில்லை, வெட்கம் மாதிரி ஏதோ ஒன்று. கணவன் மனைவிக்குள் அன்பளிப்பாகப் பெயர் மாற்றினால் முத்திரை வரி விலக்கு உண்டு என்று வழக்கறிஞர் சொன்னார். அவர் கட்டணம் தனி. உயிலும் எழுதச் சொல்லியிருக்கிறார். இருவரும் எழுதப்போகிறோம்.

போன வாரம் மஸ்ஜிட் இந்தியா போனேன். பூக்கடைகளைத் தாண்டி அந்தச் சாப்பாட்டுக் கடை. மத்தியானக் கூட்டம் கலைந்திருந்தது. அக்கா பின்பக்கம் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நீலப் பை அரிசி மூட்டைகளுக்கு இடையில் இருந்தது. முன்தின இரவு ஒருவரை வழியனுப்பப் போனபோது பஸ் நிலையத்தில் அவரைத் தேடினேன், காணவில்லை. அதைச் சொல்லி, "இப்ப எங்கக்கா தங்கியிருக்கீங்க?" என்று மெல்லக் கேட்டேன்.

கடைக்காரர் கல்லாவில் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தார், காது இந்தப் பக்கம்தான். அக்கா நிமிர்ந்து அவரைப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்தார்.

"சிரம்பான்லதாம்மா" என்றார். "டெய்லி பஸ்ல வந்து போறேன்."